கட்-ஆஃப் கையில், கிண்டி கனவில்: கலந்தாய்வுக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ராயபுரம் கல்மண்டபத்தில் ஆரம்பித்து எண்ணூர் கத்திவாக்கம் வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் முதல் கேள்வி "கட்-ஆஃப் எவ்ளோ?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி: "அப்போ கிண்டி கிடைக்குமா?" கேட்பது கிண்டிப் பொறியியல் கல்லூரியைத்தான். பக்கத்து வீட்டு அண்ணன் கிடைக்கும் என்பார், பிரவுசிங் சென்டர் தம்பி கிடைக்காது என்பார், மாமா "எனக்கு ஒருத்தரைத் தெரியும்" என்பார். மூன்றையும் கேட்டுக்கொண்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்காருங்கள். விடையில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும். மிச்சம், விருப்பப் பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. விதிகளில் ஆண்டுக்கு ஆண்டு சின்னச் சின்ன மாற்றம் வரும் என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. கட்-ஆஃபை முதலில் சரியாகக் கூட்டுங்கள். பொறியியலுக்குக் கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகவும் சேரும், மொத்தம் 200. கணிதம் 88, இயற்பியல் 81, வேதியியல் 84 என்றால் 88 + 40.5 + 42 = 170.5. தமிழும் ஆங்கிலமும் இதில் வராது. நுழைவுத் தேர்வு 2007-இலேயே போய்விட்டது. அதற்கு முந்தைய காலத்தில் படித்த சித்தப்பா "எங்க காலத்துல 280 வாங்கியும் கிடைக்கல" என்று பெருமூச்சு விட்டால் காபி கொடுத்து அனுப்புங்கள். அந்தக் கணக்கு வேறு.

2. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதானால் கணிதத்துக்கு முதலிடம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று கூடும். இயற்பியலில் ஒன்று கூடினால் அரைதான். தேர்வுத் துறையில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, பாட ஆசிரியரிடம் காட்டி, உண்மையிலேயே விட்டுப்போன மதிப்பெண் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். நகலைப் பார்க்காமல் ஆறு பாடத்துக்கும் பணம் கட்டுவது வீண் செலவு. நடுத்தர மதிப்பெண் வட்டத்தில் ஒரே ஒரு கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள் என்பதால், நியாயமான ஒரு மதிப்பெண்ணை விட்டுவிடவும் கூடாது.

3. போன வருடக் கட்-ஆஃபை வைத்து அழாதீர்கள், சிரிக்கவும் செய்யாதீர்கள். ஒரு வருடம் கணிதத் தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும் சேர்ந்தே இறங்கும். எளிதாக வந்தால் எல்லோருக்கும் சேர்ந்தே ஏறும். 185-இல் மூடிய ஒரு பிரிவு அடுத்த வருடம் 181-இலும் மூடலாம், 188-இலும் மூடலாம். ஆனால் நல்ல கல்லூரியின் நல்ல பிரிவில் உள்ள இடங்களின் எண்ணிக்கை அப்படிக் குதிப்பதில்லை. அதனால் மதிப்பெண்ணை விடத் தரவரிசை எண் நம்பகமானது. தரவரிசைப் பட்டியல் வெளியானதும் உங்கள் பிள்ளையின் பொதுத் தரவரிசை, சமூகத் தரவரிசை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டின் ஒவ்வொரு சுற்றிலும் எந்தத் தரவரிசைக்காரருக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்தில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, உங்கள் எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். வாய்ப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இந்தப் பட்டியலில் இருப்பதுதான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. பி.சி. பிரிவு மாணவர் பி.சி. பத்தியை மட்டும் பார்ப்பார், எம்.பி.சி. மாணவர் எம்.பி.சி. பத்தியை மட்டும். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மிச்சமுள்ள 31 சதவீதம் எந்தச் சாதிக்கும் தனியாகச் சொந்தமில்லை, பொதுப் போட்டி. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தால் அந்த 31-இலேயே இடம் பெறுவாள், எம்.பி.சி. இடம் அடுத்தவருக்குப் போகும். ஆகவே இரண்டு பத்தியையும் பாருங்கள்.

4. விருப்பப் பட்டியலை ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள். இந்த ஒரு குறிப்புக்காகத்தான் மற்ற குறிப்புகளையும் எழுத உட்கார்ந்தேன்.

டோல்கேட் பக்கம் ஓர் அம்மா கேட்டார்: "ஏம்மா, முதல் ஆப்ஷன்ல கிண்டிய போட்டா, அது கிடைக்கலன்னா இருக்கிற சீட்டும் போயிடுமாமே? சென்டர்ல சொல்றாங்க." போகாது. கணினி ஒவ்வொரு மாணவராகத் தரவரிசைப்படி எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே இடம் இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் இரண்டாம் வரி, அதுவும் இல்லையென்றால் மூன்றாம் வரி. ஒன்பதாம் வரியில் உள்ள கல்லூரி, "என்னை ஏன் ஒன்பதாவதாகப் போட்டாய்?" என்று கோபித்துக்கொண்டு இடத்தை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்காது. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அதை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும், தரவரிசையில் நீங்கள் முன்னால் என்றால் இடம் உங்களுக்குத்தான். காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்க யாரும் காசு கேட்பதில்லை. முதல் வரியும் அப்படித்தான்.

நட்டம் வருவது எதிர்த்திசையில். "நமக்கு அதெல்லாம் எங்க கிடைக்கப் போவுது" என்று கிண்டியை எட்டாவது வரியில் போட்டு, கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கல்லூரியை முதல் வரியில் போட்டால், கணினி அந்த உறுதியான கல்லூரியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். எட்டாம் வரிவரை அது போகவே போகாது. அந்த வருடம் கிண்டியில் ஏதோ ஒரு பிரிவு உங்கள் எண்ணுக்குத் திறந்தே இருந்திருந்தாலும் கேட்க ஆளில்லை. பயந்து எழுதிய பட்டியலால் கையெட்டும் தூரத்தில் இருந்த இடத்தை இழந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்; பெரும்பாலோருக்குத் தாங்கள் இழந்ததே தெரியாது.

5. பட்டியல் நீளமாக இருக்கட்டும். எத்தனை விருப்பம் கொடுத்தாலும் கூடுதல் கட்டணம் இல்லை. சென்ற ஆண்டு உங்கள் எண்ணுக்குச் சற்று முன்னாலேயே முடிந்துபோனவை மேலே, உங்கள் எண்ணையொட்டி முடிந்தவை நடுவில், உங்களுக்கு வெகு பின்னால் முடிந்தவை கீழே. கீழ்ப்பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆசையால் நான்கே வரி எழுதிவிட்டு, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுபவர்களும் உண்டு. ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை வெறுமனே எண்ணிக்கைக்காகப் போடாதீர்கள், கிடைத்துத் தொலைக்கும்.

6. கல்லூரியா, பிரிவா? வீட்டில் சண்டை வரும் இடம் இது. கலந்தாய்வுக்கு முந்தைய வாரமே சண்டையை முடித்துவிடுங்கள். வெளியூர்த் தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் தரும் அதே தரவரிசை, கிண்டியிலோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலோ அதிகம் பேர் கேட்காத ஒரு பிரிவைத் தரக்கூடும். எனக்கு இரண்டாவதின் பக்கம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. புவித் தகவலியல் போன்ற பிரிவுகளைக் கேள்விப்படாத பெயர் என்பதற்காகவே பலர் தாண்டிப் போகிறார்கள். அதே வளாகத்தில் 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வேதிப் பொறியியலுக்குப் பேர்போன இடம். மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியை மாடியிலிருந்து பார்த்தபடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் என்று நம்மைச் சுற்றியே இயந்திரமும் மின்சாரமும் இருக்க, எல்லா வீட்டிலும் ஒரே பிரிவின் பெயரைச் சொல்வது எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே கணினிதான் பிடிக்கும் என்றால் அது வேறு. அப்போது பிரிவை முன்னால் வையுங்கள்.

7. கல்லூரியின் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். ஒரே அறக்கட்டளை இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்தும்; ஒரே வளாகத்தில் ஒன்றின் பெயரில் பொறியியல் கல்லூரி என்றும் மற்றொன்றின் பெயரில் தொழில்நுட்ப நிறுவனம் என்றும் இருக்கும். ஒரே சாமி பெயரில் நான்கு மாவட்டங்களில் கல்லூரிகள் உண்டு. கலந்தாய்வில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது. நோட்டில் எண், பெயர், பிரிவு, ஊர் என்று நான்கு பத்தி போட்டு எழுதி, திரையில் ஏற்றும்போது ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்க்கட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வரமாட்டா. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

8. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகள் திரையில் நிற்கும். பதறாமல் படியுங்கள்.

ஏற்றுச் சேர்கிறேன் என்றால் தேடல் முடிந்தது. குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். ஏற்கிறேன், மேலே உள்ளது காலியானால் அதற்கு நகர்கிறேன் என்றால் இந்த இடம் கையில் இருக்க, மேல் வரிகளுக்காகக் காத்திருப்பீர்கள். இதற்குக் கலந்தாய்வு உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், "பழையதே இருக்கட்டும்" என்று திரும்ப முடியாது. அதனால்தான் நான்காம் குறிப்பில் வரிசையைப் பற்றி அவ்வளவு சொன்னேன். இந்த இடம் வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்பது மூன்றாவது. வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பது நான்காவது. விலகுகிறேன் என்பது ஐந்தாவது. முதல் விருப்பம் கிடைக்காத பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதுதான் சரி. எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் கைவிட்டுப் போகும். முடிவைச் சொல்லத் தரும் அந்த இரண்டு நாளும் திருப்பதிக்கோ திருத்தணிக்கோ போகாதீர்கள்.

9. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத முன்னுரிமை இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இவையும் அரசுப் பள்ளிகளே. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், போக்குவரத்துக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது.

அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகள் நிறைய. கட்டணம் குறைவு, மதிய உணவு உண்டு, ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆகவே அரசுப் பள்ளி என்றே வீட்டில் நினைத்திருப்பார்கள். பிளஸ் டூ முடித்தபின் தெரியவந்து பயனில்லை. ஐந்தாவது முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் குறிப்பு முக்கியமாக உங்களுக்குத்தான். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளிக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பது ஏழு வருடம் கழித்து வரும் கல்லூரிச் சேர்க்கையைத் தொடுகிறது. நடுவில் ஒரு வருடம் "இங்கிலீஷ் நல்லா வரட்டும்" என்று தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் தகுதி போய்விடும்.

10. முதல் பட்டதாரிச் சான்று. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாத வீட்டின் முதல் பிள்ளைக்கு, கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது; இதை மறைத்து வாங்கப் பார்த்தால் பிறகு தொல்லை.

11. சான்றிதழ்களை மே மாதத்துக்கு முன்பே சேருங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவை மையம் வழியாகத்தான். முடிவு வந்த வாரத்தில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வட்டங்களின் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும். பிப்ரவரியில் விண்ணப்பித்தால் அலைச்சல் பாதி. கவனிக்க வேண்டியது பெயரும் தலைப்பெழுத்தும். பள்ளிச் சான்றில் கே. மகேஸ்வரி, ஆதாரில் மகேஸ்வரி குமார், சாதிச் சான்றில் மகேஷ்வரி என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் வட்டம் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பழைய சான்றில் மாவட்டத்தின் பெயர் வேறாக இருப்பது இதனால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அத்திப்பட்டு பொன்னேரி வட்டம். அங்கிருப்பவர்கள் திருவொற்றியூர் தாலுகா ஆபீசுக்குப் போய் நிற்காதீர்கள்.

12. சான்றிதழ்களுக்குத் தண்ணீர் பகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுவந்தது. தண்ணீர் பட்ட காகிதத்தை உலர்த்திவிடலாம், எண்ணெய் பட்டதை ஒன்றும் செய்ய முடியாது. பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம். ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள்; அசலைச் சரிபார்க்கும்போது சிக்கல். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, வீட்டில் இரண்டு பேரின் போனிலாவது வைத்திருங்கள். மதிப்பெண் சான்றை டிஜிலாக்கரிலும் எடுக்கலாம்.

13. விண்ணப்பத்தில் உங்கள் வீட்டுப் போன் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிட்டால், ரகசியக் குறியீடு வரும்போதெல்லாம் அவர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு அந்த எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீரவிடாதீர்கள். கடவுச்சொல்லைப் பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுதி வைத்தாலும் சரி, சென்டர் பையனின் மனதில் வைக்க வேண்டாம். பட்டியலைப் பூட்டும் கடைசி நாள் மாலைவரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கென்று கரண்ட் போகும்.

14. விண்ணப்பித்தவர்களுக்குத் தரும் ரேண்டம் எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டியதில்லை. இரண்டு பேரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண் எடுபடும். கூட்டுத்தொகை ஒன்பது வருகிறதா என்று பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

15. தினமும் போய்வரும் வழியைச் சேருவதற்கு முன்பே ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதில் பயனில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் போனால்தான் உண்மை தெரியும். பேருந்துக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் அந்த லாரிகள்தான் கடிகாரம். சுங்குவார்சத்திரம் பக்கமோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ உள்ள கல்லூரியின் பேருந்து நம் பக்கம் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும்; பிள்ளை இருட்டில் போய் இருட்டில் வரும். நான்கு வருடம்.

மெட்ரோ வந்தபின் கணக்கு மாறிவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை நீண்ட பாதையில் ஏறினால் மாறாமலே கிண்டியில் இறங்கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றால் கிண்டியிலேயே தாம்பரம் மின்சார ரயிலுக்கு மாறலாம். தியாகராயா கல்லூரிக்கு அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. நகருக்கு எதிர்ப்பக்கம், கும்மிடிப்பூண்டி தடத்தில் கவரைப்பேட்டைப் பக்கமும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. காலையில் கூட்டமெல்லாம் சென்ட்ரலை நோக்கி வரும், நம் பிள்ளை எதிர்த்திசையில் போகும். பட்டப்படிப்பு வரை பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு ரயில் சீசன் டிக்கெட் இலவசம், கல்லூரி முத்திரையிட்ட படிவம் வேண்டும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. மெட்ரோவுக்கு இப்படி ஒன்றும் கிடையாது என்பதால், மாதச் செலவைக் கணக்குப் போட்ட பிறகே "பக்கம்தானே" என்று சொல்லுங்கள்.

16. பொறியியல் மட்டும்தான் கல்லூரி என்று யார் சொன்னது? அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் தரவரிசையும் கலந்தாய்வும் கல்லூரிக்குக் கல்லூரி தனி. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு மொழிப்பாடங்கள் போக மீதி நான்கு பாடங்களின் 400 என்று பார்க்கிறார்கள். பொறியியலில் கணக்கில் வராத தமிழ் இங்கே சீட் வாங்கித் தரும். மாநிலக் கல்லூரி ஒன்றையே குறிவைக்காமல் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரி என்று பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு கல்லூரிகளின் கலந்தாய்வு ஒரே நாளில் வந்தால் எதற்குப் போவது என்று முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். மாணவர் நேரில் நிற்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரியில் சேர்ந்தவுடன் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

17. ஸ்டான்லி மருத்துவமனையைப் பார்த்தே வளர்ந்து டாக்டர் கனவு கண்ட பிள்ளைக்கு நீட் முடிவும் மருத்துவக் கலந்தாய்வும் தனிப் பாதை. அது முடியும்வரை மற்ற இடத்தை விட்டுவிடாதீர்கள்.

18. உயிரியல் படித்த பிள்ளைகள் வீட்டில், முக்கியமாக மீனவர் குடும்பங்களில், பொன்னேரி மீன்வளக் கல்லூரி பற்றி ஒரு முறையாவது பேசுங்கள். அதே கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிற ஊர். தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதற்கான சான்றை எப்படி வாங்க வேண்டும் என்று கையேட்டில் சொல்லியிருப்பார்கள். முன்கூட்டியே வாங்கி வையுங்கள். காசிமேட்டில் இதைக் கேள்விப்படாத வீடுகள் இன்னும் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

19. "இப்போ அட்வான்ஸ் கட்டினா சீட் பிளாக் பண்ணித் தர்றோம்" என்று போன் வந்தால் கட்டாதீர்கள். சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. தரகர் ஐம்பதாயிரம் கேட்கும் அதே கல்லூரியின் அதே பிரிவு உங்கள் தரவரிசைக்குக் கலந்தாய்விலேயே கிடைக்கக்கூடும். மூன்றாம் குறிப்பின்படி பார்த்தால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் சொல்லியிருக்கிறது; கேட்டு வாங்குங்கள்.

20. கட்-ஆஃப் மிகவும் குறைந்துவிட்டதா? பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கும் கலந்தாய்வு உண்டு, டிப்ளமோ மதிப்பெண்தான் கணக்கு. கணிதத்தில் 60 எடுத்த பையன் பட்டறை வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால், இந்த வழியில் சில வருடம் கழித்து, அன்றைக்குக் கிடைக்காத அதே கல்லூரிக்குள் நுழைய வாய்ப்பு இருக்கிறது. கூடவே கையில் ஒரு டிப்ளமோவும் இருக்கும்.

21. ஒரு பாடத்தில் போய்விட்டால் அந்த வருடமே முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். துணைத் தேர்வு அதே கோடையில் நடக்கிறது; அதில் தேறியவர்களுக்குப் பொறியியல் துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. நல்ல கல்லூரிகளிலும் சில பிரிவுகளில் அப்போது இடம் மீந்திருக்கும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. முடிவு வந்த அன்று அழுது முடித்ததும், மறுநாளே பள்ளிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். பிள்ளை யாரிடமும் பேசாமல் இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு நீங்களே போன் போட்டுப் பேசலாம்.